ஆறாவது வரிசையில எட்டாவது பலகை

அட, கேட்டையெல்லாம் தட்டாதீங்க தம்பி, அதுக்குப் பூட்டே கெடையாது. தள்ளுங்க, தொறந்துக்கும். பூட்டு வாங்கறதுக்குன்னே நாலு கூட்டம் போட்டாங்க. சாவி யார் வீட்டுல இருக்கணும்னு தகராறு வந்து, கடைசியில பூட்டே வேணாம்னு தீர்மானம் போட்டு, அதுக்குக் கை தட்டி வேற முடிச்சாங்க. நூத்தி இருபது குடும்பம் சேந்து ஒரு பூட்டு வாங்கத் துப்பில்ல. இந்த லட்சணத்துல சூரியன்லருந்து கரண்ட் எடுக்கறோமாம்.

நீங்க நகராட்சி ஆளுன்னு பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு. அட்டையில காகிதத்த மாட்டிக்கிட்டு, காதுல பேனாவ சொருகிக்கிட்டு, வேற யாரு இந்த வெயில்ல வருவா? செயலாளரா? பதினோரு மணிக்கு வர்றேன்னாரா? அப்போ பன்னெண்டரை ஆகும். அவருக்காக நின்னீங்கன்னா கருகிப் போயிடுவீங்க. வாங்க, நான் சுத்திக் காட்டறேன்.

நானா? நான் யாரும் இல்ல. அந்தத் திருப்பத்துல தையல் கடை இருக்கு பாருங்க, அது என்னுது. சங்கத்துல உறுப்பினர். அவ்வளவுதான்.

வாளியா? இருக்கட்டும், நானே தூக்கிக்கறேன். ஸ்டூலா? அதுவும் என் கையிலயே வரட்டும், சங்கத்து ஸ்டூலுதான். ஏய், சூ, போ அந்தப் பக்கம். ஒண்ணும் பண்ணாது தம்பி, புறாதான். குப்பை மேடா இருந்த எடமில்லையா, அதுங்களுக்குப் பழக்கம் விடல. வர்றவங்க பின்னாடியெல்லாம் சுத்தும்.

ஆமா, இது குப்பை மேடுதான். நீங்க இப்ப நிக்கறீங்களே, அதுக்குக் கீழ இந்த ஊரோட முப்பது வருசத்துக் குப்பை இருக்கு. மேல மண்ணக் கொட்டி மூடிட்டு, இதுல வீடு கட்டக்கூடாது, கெணறு வெட்டக்கூடாது, ஆழமா ஒரு கம்பம் கூட நடக்கூடாதுன்னு பலகை மாட்டிட்டுப் போயிட்டாங்க உங்க ஆளுங்க. சர்க்கார் நெலம். எதுக்கும் ஆகாத நெலம். அதுலதான், ஏங்க, மண்ண நோண்டாம மேலாப்புல நிக்கற மாதிரி பலகை போட்டா என்னன்னு ஒருத்திக்குத் தோணிச்சு.

யாருக்குத் தோணினா என்ன, விடுங்க.

உங்க ஆபீசுக்கு முப்பத்தொரு தடவ நடந்தாச்சு. ரெண்டு வருசம். மொத தடவ போனப்ப ஒருத்தர் நகம் வெட்டிக்கிட்டிருந்தாரு. எடது கைய முடிச்சிட்டு வலது கைக்கு வர்றதுக்குள்ள என்னைய வெளிய அனுப்பிட்டாரு. இன்னொருத்தர் இருந்தாரு, மனுவ வாங்கி, மடிச்சு, மேசைக்கு ஒரு கால் ஆடிச்சு, அதுக்கு முட்டுக் கொடுத்தாரு. என் கண்ணு முன்னாடி! பதினாலாவது தடவ போனப்பவும் அது அங்கதான் இருந்துச்சு. உங்களச் சொல்லல தம்பி. நீங்க அப்ப பள்ளிக்கூடம் போயிட்டிருந்திருப்பீங்க.

சரி, நெலம் வந்துச்சு. பத்து வருசத்துக்கு. சங்கம் வெச்சாங்க. சங்கம்னதும் எங்கிருந்துதான் வருவாங்களோ! மனு எழுத ஒரு ஆள் வரல, கமிட்டின்னதும் நாற்காலி பத்தல. ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர் ஒருத்தர செயலாளர் ஆக்கினாங்க. விசிலுன்னுதான் எல்லாரும் சொல்லுவோம், இன்னமும் கழுத்துல தொங்கவிட்டுக்கிட்டுத்தான் திரியறாரு. எந்தக் காகிதம் வந்தாலும் கூட்டத்துல எழுந்து நின்னு சத்தமா படிப்பாரு. ரெண்டு தடவ படிப்பாரு. அடியில இருக்கற சீல்ல என்ன எழுதியிருக்குன்னு கூட படிப்பாரு. நீங்க இன்னைக்கு எழுதித் தரப்போறத சாயங்காலம் படிக்கத்தான் போறாரு, எத்தன பேர் தூங்கப்போறாங்களோ.

பலகை எந்தப் பக்கம் பாத்து நிக்கணும்னு ஓட்டு எடுத்தாங்க, தெரியுமா? சிரிக்காதீங்க, நெசம். மேலத்தெருக்காரங்க ஒரு பக்கம், கீழத்தெருக்காரங்க ஒரு பக்கம், கை தூக்கு கை தூக்குன்னு விசிலு ஊதறாரு. மாட்ட வந்த எஞ்சினியர் பொண்ணு வாயத் தொறந்து பாத்துக்கிட்டே இருந்துச்சு. அப்பறம் சொல்லிச்சு, ஐயா, சூரியன் உங்க கூட்டத்துக்கு வரலயே, அத யாரு கேட்டான்னு. நல்ல பொண்ணு. அது இல்லேன்னா பாதிப் பலகை இன்னைக்கு சாக்கடையப் பாத்துட்டு நிக்கும்.

பாத்து வாங்க, கம்பி கெடக்கு. இது மூணாவது வரிசை. பன்னெண்டு வரிசை, வரிசைக்குப் பத்து. குடி தண்ணி மோட்டாருக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக மிச்சம் வீடுகளுக்கு. சின்ன ஆஸ்பத்திரிதான், ஆனா கொழந்தைங்களுக்குப் போடற தடுப்பூசி வெக்கற பொட்டி இதுலதான் ஓடுது. முன்னாடி கரண்ட் போனா ஊசி மருந்தெல்லாம் வீணாப் போகும். இப்ப நாலு வருசமா ஒண்ணு கூட வீணாகல. அத ஒத்துக்கணும். இவங்க அறிவாலன்னு நெனச்சுக்காதீங்க, சூரியன் ஒழுங்கா வந்துட்டுப் போறதால.

தெரியும் தம்பி. ஒப்பந்தத்துல அந்த வரி எனக்கு மனப்பாடம். தொடர்ந்து மூணு மாசம் கொறஞ்சபட்ச அளவு கரண்ட் வரலேன்னா நெலத்த நகராட்சி திரும்ப எடுத்துக்கும். ரெண்டு மாசம் வரல. இது மூணாவது மாசம். எடுத்தா லாரி நிறுத்தற எடம் ஆக்கப்போறாங்கன்னும் தெரியும். அதுக்குத்தான நீங்க வந்திருக்கீங்க? ஏன் கொறஞ்சிச்சு, காரணம் என்ன, பழுதா, பராமரிப்பு இல்லையா. எழுதுவீங்க. அவசரப்படாதீங்க, ஆறாவது வரிசை வரட்டும்.

பழுதெல்லாம் ஒண்ணும் இல்ல. புத்திதான் பழுது. பலகையத் தொடைக்கணும்ல? தூசு படியுது, பறவை எச்சம் விழுது. மொதல்ல முறை வெச்சாங்க, இந்த வாரம் இந்த அஞ்சு வீடுன்னு. ஒருத்தனுக்கு முதுகு வலி, ஒருத்தனுக்குக் கல்யாணம், ஒருத்தன் மெக்கானிக்கு, அவன் தொடச்சா தொடைக்கறதுக்கு முன்னாடி இருந்தத விட அழுக்காயிடும், கையெல்லாம் கிரீஸு. அப்ப விசிலுக்கு ஒரு யோசனை வந்துச்சு. ஆளுக்கு ஒரு பலகை. சீட்டு குலுக்கிப் போட்டு, வீட்டுக்கு ஒரு பலகைன்னு நம்பர் ஒட்டிட்டாரு. உன் பலகைய நீ தொட.

ஐயோ, அதுக்கப்பறம் பாக்கணுமே! பெத்த புள்ளையக் கூட இப்படிக் குளிப்பாட்டியிருக்க மாட்டாங்க. காலையில மூஞ்சி கழுவறானோ இல்லையோ, பலகையக் கழுவிடுவான். கழுவி, அந்த அழுக்குத் தண்ணிய அப்படியே பக்கத்துப் பலகை மேல தள்ளிவிடுவான். அவன் பலகை பளபளன்னு இருந்தாப் போதும். அந்த எஞ்சினியர் பொண்ணு தலையில அடிச்சுக்கிட்டுச் சொல்லிச்சு, ஒரு வரிசைன்னா பத்து பேர் கை கோத்துட்டு நடக்கற மாதிரி, ஒருத்தன் உக்காந்துட்டா ஒம்பது பேரும் அவன இழுத்துட்டுத்தான் நடக்கணும்னு. யாரு காதுல வாங்கினாங்க? என் பலகை, உன் பலகை. பொது நெலத்துல, பொதுக் காசுல, பொதுவுல ஒண்ணப் போட்டுட்டு அதுக்கு நடுவுல கண்ணுக்குத் தெரியாத வேலி போட்டவங்க இவங்க மட்டுந்தான்.

சூ! இதுங்க வேற.

அதோ அந்த ரூமா? சங்கத்து ஆபீசு. ஜன்னல் வழியா பாருங்க, ஒரு போட்டோ தெரியுதா? தெறப்பு விழா அன்னைக்கு எடுத்தது. நடுவுல சிரிச்சுக்கிட்டு, சுவிட்சுல கை வெச்சுக்கிட்டு நிக்கறா பாருங்க, அவ என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. ஒரே வீடுதான், நாங்க கீழ, அவங்க மேல. ஆஸ்பத்திரியில உதவியாளர் வேல. ஆளு லட்சணமா இருப்பா, பேச்சும் நல்லா வரும், அதனால அவளையே சுவிட்சப் போடச் சொல்லிட்டாங்க. முப்பத்தொரு தடவையில ஒரு தடவ கூட அவ உங்க ஆபீஸ் படி ஏறினதில்ல. கேளுங்க, ஒரு தடவ கூட.

அவளுக்கு வலது பக்கம், ஓரத்துல, ஒரு முழங்கை தெரியுதா? நல்லாப் பாருங்க. நீல ஜாக்கெட்டு. அது யாரோட முழங்கைன்னு நெனக்கறீங்க?

ஆமா. நான்தான். ரெண்டு வருசம் நடந்ததுக்கு ஒரு முழங்கை.

அதெல்லாம் நான் மனசுல வெச்சுக்கல. நெசமா. நாலு வருசம் ஆச்சு, போட்டோ பாட்டுக்குத் தொங்குது, நான் பாட்டுக்குத் தெச்சுக்கிட்டிருக்கேன். ஆனா அஞ்சு மாசம் முன்னாடி வேற ஊர்லருந்து ஒரு கூட்டம் வந்துச்சு, நாங்களும் இது மாதிரி போடணும், எப்படி ஆரம்பிச்சீங்கன்னு கேட்டுக்கிட்டு. விசிலு ஓரகத்தியக் கூட்டிட்டு வந்து முன்னாடி நிறுத்தினாரு. இவங்கதான் சுவிட்சப் போட்டவங்கன்னாரு. எல்லாரும் கை தட்டினாங்க. அதுல ஒரு அம்மா என்னையப் பாத்து, நீங்க யாருங்கன்னு கேட்டாங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள விசிலு சொல்றாரு, இவங்களா, இவங்க பக்கத்துல தையல் கடைன்னு. அவ அங்கதான் நின்னா. என் ஓரகத்தி. எல்லாம் தெரிஞ்சவ. வாயத் தொறக்கல. தரையப் பாத்துக்கிட்டு நின்னா.

வாங்க, வந்தாச்சு. இதுதான் ஆறாவது வரிசை. ஒண்ணு, ரெண்டு, எண்ணிக்கிட்டே வாங்க. எட்டாவது. பாத்தீங்களா?

ஆமா, அசிங்கம்தான். எச்சம் காஞ்சு ஓடு மாதிரி ஆயிடுச்சு. இது யாரோட பலகைன்னு கேக்கறீங்களா? நம்பரப் பாக்க வேணாம், நானே சொல்றேன். அவளோடது.

அஞ்சு மாசமா இது இப்படித்தான். சாயங்காலம் வந்து பாக்கறவங்க எல்லாம் இதப் பாத்துட்டு, சுவிட்சப் போட வந்த மகாராணிக்குத் தொடைக்கக் கை வரலயான்னு பேசினாங்க. அவ கூட்டத்துல சொன்னா, நான் தெனமும் விடிகாலையில வந்து தொடச்சிட்டுத்தான் வேலைக்குப் போறேன்னு. யாரு நம்புவா? கண்ணு முன்னாடி அழுக்கு இருக்கு. அப்பறம் ஏழாவது பலகைக்காரன் சொன்னான், அவ தொடைக்கல, நான் மட்டும் எதுக்குத் தொடைக்கணும்? ஒம்பதாவதும் அதையே சொல்லிச்சு. அப்படியே வரிசை முழுக்க. அப்பறம் அஞ்சாவது வரிசை, ஏழாவது வரிசை. இப்பப் பாருங்க, பாதி மேடு மண்ணு பூசிட்டு நிக்குது. ரெண்டு மாசம் அளவு வரல. இவ்வளவுதான் தம்பி உங்க மர்மம். தொடைக்காததுக்கு ஒரு சாக்கு எப்ப கெடைக்கும்னு காத்துக்கிட்டிருந்த கூட்டம், கெடச்சதும் கப்புனு பிடிச்சுக்கிச்சு.

இன்னைக்குச் சாயங்காலம் கூட்டத்துல அவள சங்கத்த விட்டு நீக்கப் போறாங்க. விசிலு தீர்மானம் எழுதி வெச்சுட்டாரு. நெலம் போச்சுன்னா அவளாலதான் போச்சுன்னு ஊரே சொல்லும். ஆஸ்பத்திரி ஊசிப் பொட்டி நின்னாலும் அவ தலையிலதான் விழும். அதுவும் அவ வேல பாக்கற எடத்துலயே.

இப்ப அவ தொடைக்கறதும் இல்ல. இருபது நாளாச்சு. ஸ்டூல்ல ஏறத் தெரியல, விழுந்து மணிக்கட்ட ஒடச்சுக்கிட்டா. மாவுக்கட்டு. மேல எங்க தலைக்கு மேல நடப்பா, முன்னெல்லாம் விடிகாலையில டக்கு டக்குன்னு சத்தம் கேக்கும், வாளிய எடுக்கற சத்தம், கதவு. இப்ப ஒண்ணும் இல்ல. நிம்மதியாத் தூங்கலாம்ல? எங்க தூங்க முடியுது.

என்ன பாக்கறீங்க? ஓ. பின்னாடி கம்பியில கட்டியிருக்கறதா?

தகர மூடி. பிஸ்கட் டப்பாவோட மூடி.

புறா ஏன் இந்தப் பலகையில மட்டும் வந்து உக்காருதுன்னு கேப்பீங்கன்னு பாத்தேன். பன்னெண்டு வரிசை இருக்கு, நூத்தி இருபது பலகை இருக்கு, அதுங்களுக்கு இது மேல மட்டும் என்ன ஆசைன்னு ஒருத்தனாவது கேக்கணுமே? மூணு கூட்டம் போட்டாங்க தம்பி, இதப் பத்தியே. ஒருத்தன் கூட பலகைக்குப் பின்னாடி குனிஞ்சு பாக்கல. நீங்க வந்து பத்து நிமிசத்துல பாத்துட்டீங்க.

அப்பறம் இன்னொண்ணும் பாத்திருப்பீங்களே. வர்றவங்க பின்னாடியெல்லாம் சுத்தும்னேன். சுத்தாது. அந்தப் பக்கம் நீங்க தனியா போயி நில்லுங்க பாப்போம், ஒண்ணாவது வருதான்னு. என் பின்னாடிதான் வரும். கேட்டுலருந்தே என் பின்னாடிதான வருதுங்க.

ஒடச்ச சோளம். அரைக் கைப்பிடி. அவ தொடச்சிட்டு எறங்கிப் போனதும் வந்து மூடியில போட்டுட்டுப் போயிடுவேன். கடை தொறக்கறதுக்கு முன்னாடி. அந்த வெளியூர்க் கூட்டம் வந்துட்டுப் போன மறுநாள் ஆரம்பிச்சேன். ரெண்டு நாள் போட்டுட்டு விட்டுடலாம்னுதான் நெனச்சேன். அப்பறம் ஊரு பேச ஆரம்பிச்சுச்சா, கேக்கறதுக்கு நல்லா இருந்துச்சு. பொய் சொல்லல, நல்லாத்தான் இருந்துச்சு.

அந்த மூடி என் நூல் டப்பாவோடது. அந்த டப்பா அவ எனக்குக் குடுத்தது, கடை தொறந்த அன்னைக்கு. அவசரத்துல கையில அதுதான் கெடச்சுது, எடுத்துட்டு வந்து கட்டிட்டேன். பாத்தா அவளுக்குத் தெரியாதா? ஒரு மாசம் கழிச்சு ஒரு நாள் வந்து பாக்கறேன், மூடி பளிச்சுனு இருக்கு. கழுவி வெச்சிருக்கா. பலகையக் கழுவினவ, அந்த மூடியையும் அவுத்துக் கழுவி, தொடச்சு, திரும்ப அதே எடத்துல கட்டி வெச்சிருக்கா. தூக்கி எறிஞ்சிருக்கலாம். கீழ வந்து என் முடியப் பிடிச்சிருக்கலாம். கூட்டத்துல எடுத்துட்டுப் போயி காட்டியிருந்தா அன்னைக்கே நான் தொலைஞ்சேன். கழுவி வெச்சுட்டுப் போயிருக்கா.

அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. திமிரா, இல்ல அன்னைக்கு வாயத் தொறக்காம நின்னதுக்குப் பரிகாரமா? நான் என்ன பண்ணேன் தெரியுமா? கழுவின மூடியில அன்னைக்கு ரெண்டு மடங்கு போட்டேன்.

இப்பப் போடறதில்ல. இருபது நாளா நிறுத்திட்டேன். ஆனா அதுங்களுக்கு யாரு போயி சொல்றது? வருதுங்க, உக்காருதுங்க, மூடியக் கொத்திப் பாக்குதுங்க, வேலைய முடிச்சுட்டுப் போகுதுங்க. நான் வந்து தொடைக்கலாம்னா, எட்டாவது பலகைய நீ எதுக்குத் தொடைக்கறன்னு நூறு பேர் கேப்பாங்க. தெனமும் வாளிய எடுத்துக்கிட்டு கேட்டு வரைக்கும் வர்றது, யாராவது இருந்தா திரும்பிப் போறது. இன்னைக்கு நீங்க நின்னுட்டிருந்தீங்க.

எழுதுங்க தம்பி. காரணம்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல எழுதுங்க. பலகையில பழுதில்ல. எட்டாவது பலகைக்காரி தெனமும் தொடச்சா. தையல் கடைக்காரி தெனமும் தீனி போட்டா. மிச்ச பேர் அதையே சாக்கா வெச்சுக்கிட்டாங்க. இன்னும் ஒம்பது நாள் இருக்கு மாசம் முடிய, எல்லாரும் தொடச்சா அளவு வந்துடும்னும் ஒரு வரி சேத்துக்கோங்க, அது உங்களால முடியும். கூட்டத்துல எழுந்து நின்னு சொல்ல எனக்கு நாக்கு வராது. ஊரையே வாய் ஓயாமத் திட்டறவளுக்கு இது மட்டும் வராது. நீங்க எழுதினா விசிலு படிச்சுடுவாரு. ரெண்டு தடவ. அந்த மனுசனால எனக்கு ஆகற ஒரே உபகாரம்.

எழுதிட்டீங்களா? தையல் கடைன்னு எழுதுங்க, போதும், எல்லாருக்கும் தெரியும்.

இப்பப் பேனாவக் காதுல சொருகிட்டு இந்த ஸ்டூலக் கொஞ்சம் பிடிங்க. மேல் பாதி எனக்கு எட்டாது. அப்படி இல்ல, எடது பக்கம் அழுத்திப் பிடிங்க, அந்தக் கால்தான் குட்டை. ஈரம் பட்டா அந்தப் பக்கந்தான் சாயும். அன்னைக்கு அவளுக்கும் அப்படித்தான் சாஞ்சுது.

எனக்கு எப்படித் தெரியுமா?

அந்தா, ஏழாவது வரிசைக்குப் பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன். கையில சோளத்த வெச்சுக்கிட்டு, எப்ப எறங்கிப் போவான்னு. விழுந்துட்டு, எழுந்துக்க முடியாம, அக்கான்னுதான் கூப்பிட்டா. நான் அங்க இருக்கறது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. மெக்கானிக்கு வந்து தூக்கற வரைக்கும் நான் வெளிய வரல.

விடாதீங்க தம்பி, நல்லாப் பிடிச்சுக்கோங்க. நான் ஏறறேன்.